கோழிக்கொட்டாயில் எடுத்த பிரசர்

"நோயாளி மிகுந்த பதற்றத்துடன் காணப்படுகிறார். ரத்த அழுத்தம் 184/102. கண்புரை அறுவை சிகிச்சை ஒத்திவைக்கப்படுகிறது."

கண் ஆஸ்பத்திரிச் சீட்டில் இரண்டாம் முறையாக இப்படி எழுதி வாங்கி வந்த பூவாத்தாள், மோகனூர்ப் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் வேலை செய்பவள். அவள் கொட்டாய்க்குள் நடந்தால் ஒரு கோழிகூடத் தலையைத் தூக்காது. போன ஆடியில் கூண்டுக்கடியில் நல்ல பாம்பு வந்தபோது, பண்ணைக்காரர் நாச்சிமுத்து தீவன மூட்டை மேல் ஏறி நின்று கத்தினார். "கத்தாதீங்க, கோழி பயந்துக்கும்" என்று அவரை அதட்டிவிட்டுத்தான் அவள் கோலை எடுத்தாள்.

இப்போது கண்ணில் புரை. முட்டையில் மயிரிழைக் கீறல் தெரிவதில்லை. கண் சீக்கிரம் சரியாகாவிட்டால் கீறல் முட்டை பிரிக்க வேறு ஆள் போடுவதாக நாச்சிமுத்து சொல்லிவிட்டார். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார், ஆனாலும் சொன்னார்.

உள்ளூர் டாக்டர் பிரவீனா சீட்டைப் படித்தார். "சில பேருக்கு எங்களப் பாத்தாவே ஏறுமுங்கம்மா. ஒரு வாரம் காலைலயும் சாயந்திரமும் ஊட்ல எடுத்துப் பாருங்க. அஞ்சு நிமிசம் சும்மா உக்காந்திருந்துட்டு எடுக்கோணும்."

"சும்மா உக்காந்து பழக்கமில்லீங்களே சாமி."

மகன் மோகன்குமார் பிரசர் பார்க்கும் மெஷின் வாங்கி வந்தான். ஆபரேஷன் தள்ளிப்போன சேதி அதற்குள் பரவி, உறவு முழுக்க ஹார்லிக்ஸும் ஆரஞ்சுமாக வந்து இறங்கியிருந்தது. அவன் அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, ஆஸ்பத்திரிக்காரர்களைப் போலவே முகத்தை வைத்துக்கொண்டு பட்டையைக் கட்டினான். சுற்றி நின்றவர்கள் மெஷினை எட்டிப் பார்த்தார்கள். 176.

"கோழியே உங்களப் பாத்துத்தான் தூங்குது. உங்களுக்கெதுக்குங்க்கா இந்த எழவு?" என்றாள் ஓரகத்தி வள்ளியாத்தாள். மறுபடி எடுத்தார்கள். 181.

பண்ணையில் ஒரு விதி உண்டு. வெளியாள் கொட்டாய்க்குள் வரக் கூடாது. கால்நடை டாக்டரே ஆனாலும் வெள்ளைக் கோட்டை ஆணியில் மாட்டிவிட்டு, பண்ணையின் பழைய காக்கிச் சட்டையில்தான் நுழைய வேண்டும். இல்லாவிட்டால் கோழிகள் மிரண்டு மறுநாள் முட்டை குறையும். இந்த விதியைப் பல வருஷமாக வாசலில் நின்று காத்தவள் பூவாத்தாள்தான். தனக்கும் அது பொருந்தும் என்பது அன்றுவரை அவளுக்குத் தோன்றவில்லை.

மறுநாள் மெஷினைச் சோற்றுப் பையில் வைத்துப் பண்ணைக்குக் கொண்டுபோனாள். அதன் சத்தத்தை முதலில் கோழிகளுக்குப் பழக்கினாள். பட்டையைத் தண்ணீர்க் குழாயில் கட்டி ஓடவிட்டாள். குழாய்க்குப் பிரசர் அளவு எதுவும் வரவில்லை. கோழிகள் சீக்கிரமே அதை மதிப்பதை நிறுத்தின. பிறகு தீவன மூட்டையில் முதுகைச் சாய்த்து, அடுக்கிய முட்டை அட்டைகள் மேல் கையை நெஞ்சுயரத்துக்கு வைத்து, தானே பட்டனை அழுத்தினாள். 126/78. வாரம் முழுக்க அதே கதைதான்.

பிரவீனா நம்பவில்லை, மெஷினைச் சந்தேகப்பட்டார். தன் அறையிலேயே பூவாத்தாள் கையில் தன் கருவியையும் அதையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். இரண்டும் 170க்கு மேல் காட்டின. மெஷின் சரியாக இருக்கிறது என்று அதன் பிறகுதான் ஒப்புக்கொண்டார்.

"மாத்திரை இப்ப வேண்டாமுங்கம்மா. ஆனா எடுத்துப் பாக்கறத உட்றாதீங்க" என்றவர், கண் டாக்டருக்குப் போன் போட்டு, ஆஸ்பத்திரியில் மட்டும்தான் பிரசர் ஏறுகிறது என்று விவரம் சொன்னார்.

ஆபரேஷன் அன்றும் பிரசர் ஏறித்தான் இருந்தது. இந்த முறை யாரும் அவளைத் திருப்பி அனுப்பவில்லை. பூவாத்தாள் மேசையில் ஏறிப் படுத்து, சொன்ன திசையில் பார்த்துக்கொண்டு, முடியும்வரை அசையாமல் கிடந்தாள்.