பெட்டிக்குள்ளேயிருந்து பேசினவன்

வாத்தியார் வேலைக்கு ஒரு வாய் போதும். எனக்கு ஏழெட்டு வாய் இருந்ததால்தான் மாட்டிக்கொண்டேன். ப்ளஸ் ஒன் படிக்கும்போது, மைக்கில் ஹெட்மாஸ்டர் குரலில் அரை நாள் லீவு அறிவித்துவிட்டேன். திருவொற்றியூர் ரயிலடி வரைக்கும் போய்விட்ட பசங்களைத் திருப்பி ஓட்டிவந்தார்கள். எனக்குத் தண்டனை, சனிக்கிழமைதோறும் எதிரே இருக்கிற ஆரம்பப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குப் போக வேண்டும். தெருவுக்குத் தெரு முளைத்திருந்த பிரவுசிங் சென்டர்களில் பொடிசுகள் ஏமாறாமல் இருக்கச் சொல்லித்தர வேண்டும். மூன்றாம் வகுப்பை ஒரு மணி நேரம் உட்காரவைத்துப் பார்த்தவர்களே, மிச்சம் உங்களுக்கே தெரியும்.

ப்ரியாவின் மீசை

டிவி வந்த அட்டைப்பெட்டியில் பசங்களோடு சேர்ந்து கம்ப்யூட்டர் செய்தோம். திரைக்கு ஜிகினாத் தாள், மவுஸுக்கு சோப்பு டப்பா. உள்ளே நான் குந்திக்கொண்டு, நான்தான் ப்ரியா, மூணாவது படிக்கிறேன், உன் வூடு எங்க கீது என்று கீச்சுக்குரலில் கேட்டேன். யூசுப் என்கிற பையன் தேரடி பஸ் ஸ்டாப்பில் ஆரம்பித்து, மாடிப்படி எத்தனை, சாவி எந்தச் செருப்புக்கடியில் என்பது வரைக்கும் சொல்லிவிட்டான். பெட்டியைத் தூக்கிவிட்டு எழுந்தேன். அரும்பியிருந்த என் மீசையையே அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அட்ரஸைத் திருப்பிக் குடுண்ணா."

கண் போஸ்டர்

அடுத்த வாரம் போஸ்டர் வரையச் சொன்னேன். திரைக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கிற முட்டைக்கண்ணும், கீழே 'யார்ரா நீ?' என்ற கேள்வியுமாக எல்லாரும் ஒரே மாதிரி வரைந்தார்கள். பக்கத்துத் தெருவில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த பாய் அவற்றை வாங்கி ஒவ்வொரு கேபினிலும் ஒட்டினார். எப்படிப் போகிறது என்று விசாரித்தேன்.

"புள்ளைங்க பயப்படல நைனா. பெரியவங்கோதான் கதவத் தொறந்து வெச்சிக்கினு உக்கார்றாங்கோ."

இன்னா கண்ணு

தனம் என்கிற பெண்ணின் அப்பா கப்பலில் வெல்டர். கப்பல் ஏதாவது துறைமுகத்தில் நின்றால்தான் சாட்டில் வருவார். வீட்டில் இருக்கும்போது அவர் எப்படிப் பேசுவார் என்று அவளே ஒருநாள் நடித்துக் காட்டினாள். எனக்கு அது போதும். பெட்டிக்குள் போய், கரகரப்பாக, "இன்னா கண்ணு, துன்னியா?" என்றேன்.

அவள் ஓடிவந்து பெட்டியைக் கட்டிக்கொண்டாள். வகுப்பு சிரித்தது. நான் எப்படி வெளியே வருவது என்று தெரியாமல் உள்ளேயே இருந்தேன்.

இரண்டு வாரம் கழித்து அவள் அம்மா என்னைத் தேடி வந்தார். அப்பா கரைக்கு வந்து சாட்டில் கூப்பிடுகிறார். தனமோ அது அப்பா இல்லை, எவனோ பெட்டிக்குள் குந்தியிருக்கிறான் என்று கிட்டேயே போகவில்லை. மறுநாள் கப்பல் கிளம்பிவிடும். அப்புறம் எப்போது வருவாரோ.

"நீதான கெடுத்த? நீயே வந்து சரி பண்ணு."

ஒரு பல்

தனமும் நானும் ஒரு அட்டையை மடித்து, நிஜ அப்பாவுக்கு மட்டும் பதில் தெரிந்த ஒரு கேள்வியை உள்ளே ஒளித்துவைப்பது என்று முடிவு செய்தோம். அவள் ஒரு பல் வரைந்து கலர் அடித்தாள். பாய் கடையில் அதைப் பார்த்து நான் தட்டினேன்: எனக்கு எந்தப் பல்லு விழுந்துச்சி?

அனுப்பின பிறகுதான் அவள் அம்மா மெதுவாகச் சொன்னார், பல் விழுந்ததே அவர் கப்பல் ஏறின பிறகு என்று. தப்பாகச் சொன்னால் அந்தப் பெண் இனி எப்போதும் அந்த நாற்காலியில் உட்காராது. பாய்கூட கல்லாவை விட்டு வந்து நின்றார். வெகுநேரம் கழித்துத் திரையில் பதில் வந்தது. தெரியலியே கண்ணு, எப்போ விழுந்துச்சி, வலிச்சுதா?

அம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். தனம் என்னைத் தள்ளிவிட்டு நாற்காலியில் ஏறினாள்.

"வேற எவனாச்சும்னா எதுனா ஒரு பல்ல சொல்லி அடிச்சி வுட்ருப்பான். இது எங்கப்பாதான். நீ நவுரு."

ஊரில் எல்லார் குரலும் எனக்கு வரும், 'தெரியலியே' என்ற அந்த ஒரு குரலைத் தவிர.