அப்பாவின் தோளும் மூன்று கல்லூரிகளும்

பிளஸ் டூ முடிவு வந்த வாரத்தில் என்னிடம் இருபத்து மூன்று கேள்விகள் இருந்தன. பிசியோதெரபி படிப்பது என்று முடிவாகிவிட்டது. எங்கே படிப்பது என்பதுதான் பாக்கி. நோட்டின் நடுப்பக்கத்தை விரித்து, இடப்பக்கம் கேள்விகளை எழுதி, வலப்பக்கம் மூன்று கல்லூரிகளுக்கு மூன்று கட்டங்களை ஸ்கேல் வைத்து வரைந்தேன். கலந்தாய்வுக்கான இணையப் பக்கத்தில் கல்லூரிகளை நம் விருப்பப்படி வரிசைப்படுத்திப் பூட்ட வேண்டும். பூட்டிய பிறகு கடவுளே வந்தாலும் மாற்ற முடியாது. அதற்கு இன்னும் பன்னிரண்டு நாட்கள் இருந்தன.

முதல் கல்லூரி எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரப் பயணம். நாங்கள் பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் தக்காளி போடுகிறவர்கள். குடும்பத்தில் சித்தப்பா மட்டும் மண்வெட்டியை வைத்துவிட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்தவர். அவர் ஓட்டியது அந்தக் கல்லூரியின் பஸ்ஸைத்தான்.

"பஸ்ஸு வூட்டு வாசல்ல நிக்கும்ண்ணா. பாப்பா செருப்பு மாட்டற வரைக்கும் ஆரன்கூட அடிக்க மாட்டேன். ஒரு காலேஜுக்கு வேற என்னா வேணும்?" என்று சித்தப்பா கேட்டார்.

"அதுவும் சரிதான்" என்றார் அப்பா.

அப்பா இரண்டு முறை 'சரிதான்' என்றால் அது வாக்கு கொடுத்த மாதிரி. அன்றைக்கு ஒரு முறை சொல்லியிருந்தார்.

இரண்டாவது கல்லூரி சேலம் போகும் நெடுஞ்சாலையில், முழுக்கக் கண்ணாடி போட்ட கட்டடம். மூன்றாவது சேலத்தையும் தாண்டி. அங்கே சேர்ந்தால் விடுதியில்தான் தங்க வேண்டும். பஸ், கண்ணாடி, தூரம் எதுவும் என் முதல் கேள்வி இல்லை. முதல் கேள்வி, நோயாளியை எந்த வருடத்திலிருந்து தொட விடுவீர்கள் என்பது. எலும்புகளின் பெயர்களை எங்கள் தக்காளித் தோட்டத்தில் உட்கார்ந்தே மனப்பாடம் செய்துவிடலாம். இறுகிப்போன ஒரு மூட்டினை எவ்வளவு அழுத்தலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதைக் கைதான் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்கு ஆள் வேண்டும், பக்கத்தில் நின்று திருத்தும் ஆசிரியர் வேண்டும். தவறான இடத்தில் நான்கரை வருடம் உட்கார்ந்துவிட்டு, சான்றிதழோடும் ஒன்றும் தெரியாத கையோடும் வெளியே வர எனக்கு விருப்பமில்லை.

இணையதளங்கள் உதவவில்லை. மூன்று கல்லூரிகளின் பக்கத்திலும் ஒரே வெள்ளைக்காரர், ஒரே நீலப் பனியனில், ஒரே ரப்பர் பந்தை அழுத்திக்கொண்டு சிரித்தார். முதல் இரண்டு கல்லூரிகளுக்கும் போன் செய்து கேள்விகளை வரிசையாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் "இருக்குதுங்க மேடம்". சந்தேகம் வந்து, பட்டியலில் இல்லாத ஒன்றையும் சேர்த்துக்கொண்டேன்.

"குதிரைக்கு பிசியோ சொல்லித் தருவீங்களா?"

"எல்லாமே இருக்குதுங்க மேடம். நேர்ல வாங்க."

மூன்றாவது கல்லூரியில் யாரும் போனையே எடுக்கவில்லை.

நேரில் போவது என்று முடிவு செய்தேன், ஆனால் சேர வந்த பெண்ணாக இல்லை. சேர வந்தவர்களை ஏசி அறையில் உட்கார வைத்து ஜூஸ் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். மூன்று கல்லூரிகளிலும் பொதுமக்களுக்கு இலவசமாகச் சிகிச்சை தரும் பிரிவு உண்டு. அங்கே போக ஒரு நோயாளி தேவை. நோயாளி எங்கள் வீட்டிலேயே இருந்தார்.

தக்காளிப் பெட்டிகளை டெம்போவில் ஏற்றி ஏற்றி அப்பாவின் வலது தோள் இறுகிப் பல மாதங்கள் ஆகியிருந்தன. சட்டை போடும்போது வலது கையை முதலில் நுழைத்து, இடது கையால் மீதியை இழுத்துக்கொள்வார். தலை சீவுவது இடது கையால். டாக்டரிடம் போகலாம் என்றால், "காய் எடுத்து முடியட்டும்" என்பார். எங்கள் தோட்டத்தில் காய் எடுத்து முடிந்ததே இல்லை.

திட்டத்தைச் சொன்னதும், "பொய் சொல்லணுமா?" என்று கேட்டார் அப்பா.

"வேண்டாம்ப்பா. தோள் வலின்னு சொல்லுங்க. அது நெஜம். நான் உங்க பொண்ணு. அதுவும் நெஜம்."

அம்மா சிரித்துவிட்டாள். "தக்காளிக்குத்தான் மூணு மண்டி பாப்பாங்க. இவ அப்பனையே மூணு மண்டிக்கு எடுத்துக்கிட்டுப் போறா."

மூன்று நாளுக்கு ஒருமுறை காய் பறிப்போம். இடைப்பட்ட நாட்களில் போவதாக ஏற்பாடு. சித்தப்பாவிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் கல்லூரி முழுக்க "எங்கண்ணன் வர்றாரு" என்று மைக் கட்டிவிடுவார். டவுன் பஸ்ஸில் போய் இறங்கினால், முதல் கல்லூரியின் வாசலிலேயே அவருடைய பஸ். அவர் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா தலையில் துண்டைப் போட்டுக்கொள்ளப் பார்த்தார், கை எழும்பவில்லை. நான் போட்டுவிட்டேன். சொந்தத் தம்பிக்குப் பயந்து புதுப்பெண் மாதிரி குனிந்துகொண்டு உள்ளே போனார்.

சிகிச்சைப் பிரிவில் ஏழு மாணவர்கள், ஒரு நோயாளி. அந்த நோயாளி நாங்கள்தான். நான்கு இயந்திரங்களில் மூன்றுக்கு இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்கவில்லை. ஒரு பெண் படிவத்தை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"அய்யா, வலியே இல்லேன்னா பூஜ்யம், தாங்கவே முடியலேன்னா பத்து. உங்களுக்கு எவ்வளவுங்க?"

"பத்து" என்றார் அப்பா, யோசிக்காமல்.

அவள் பத்து என்று எழுதினாள். அப்பா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எதற்கோ காத்திருப்பது போல இருந்தது. அதற்குள் பத்து என்ற செய்தி பரவி ஏழு பேரும் பதறினார்கள். போனில் யாரையோ கேட்டார்கள். கையை அசைக்கவே கூடாது என்று முடிவாயிற்று. யாரும் தோளைத் தொடவில்லை. இருபது நிமிடம் கரண்ட் வைத்து, மிக மரியாதையாக வாசல்வரை வந்து அனுப்பி வைத்தார்கள்.

பஸ்ஸில் நான் கட்டங்களை நிரப்பிக்கொண்டிருந்தபோது அப்பா மெதுவாகச் சொன்னார். "என்னா கண்ணு, கேட்ட ஒடனே குடுத்துட்டாங்க?"

"எதைப்பா?"

"பத்தைத்தான். அந்தப் பொண்ணு 'அஞ்சு'ங்கும், நான் 'எட்டு'ம்பேன், ஏழுல வந்து நிக்கும்னு பாத்தேன். வியாபாரம் தெரியாத புள்ளைங்க."

நான் நோட்டை மூடினேன். முப்பது வருடமாக மண்டியில் நின்றவர். எண்ணைக் கேட்டால் ஏற்றிச் சொல்லித்தான் பழக்கம். "அப்பா, அது வெல இல்ல. இருக்கறது இருக்கற மாதிரி சொல்லணும். நெஜமா எவ்வளவு?"

"ஆறு இருக்கும்" என்றார், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.

கண்ணாடிக் கட்டடத்தில் அப்பா வேறு வழியில் கவிழ்த்தார். உள்ளே குளிர் அப்படி இருந்தது. தோள் இன்னும் இறுகியிருக்கும். ஓர் எலும்புக்கூட்டுக்குக் கூலிங் கிளாஸ் மாட்டியிருந்தார்கள். வலி எவ்வளவு என்று ஓர் இளைஞர் கேட்டார். முந்தைய அனுபவத்தால் உஷாராகியிருந்த அப்பா, கும்பிடாத குறையாகச் சொன்னார்.

"நீங்களே பாத்துப் போடுங்க."

அந்த இளைஞர் பார்த்து ஐந்து போட்டார். இரண்டு வரி தள்ளி, 'சிகிச்சைக்குப் பின் வலி' என்ற இடத்தில் மூன்று என்றும் அப்போதே போட்டுக்கொண்டார். சிகிச்சை இன்னும் தொடங்கவே இல்லை. நான் நோட்டில் புதிதாக ஒரு வரி சேர்த்து அடிக்கோடு இட்டேன்.

"ஏசி நல்லா இருந்துச்சு" என்றார் அப்பா, வெளியே வந்து.

மூன்றாவது கல்லூரிக்குப் போக மூன்று பஸ் மாற வேண்டியிருந்தது. பழைய கட்டடம், முன்னால் தகரக் கொட்டகை, பெஞ்சுகளில் நாற்பது பேருக்குக் குறையாமல் டோக்கனோடு காத்திருந்தார்கள். வத்தல்மலைப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர், இடுப்பில் கட்டிய பெல்ட்டைத் தட்டிக் காட்டி அப்பாவோடு கேழ்வரகு பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்பு. இவ்வளவு பேரைத் தொட வேண்டுமென்றால் மாணவர்களுக்கு உட்கார நேரம் இருக்காது.

எங்கள் முறை வந்தது. மூன்றாம் வருடம் படிக்கும் ஓர் அக்கா கேட்டார். "வலி பத்துக்கு எவ்வளவுங்கய்யா?"

"எட்டு" என்றார் அப்பா, என்னைப் பார்க்காமல்.

அக்கா பேனாவை வைத்துவிட்டு, "சட்டையைக் கழட்டி மறுபடி போட்டுக் காட்டுங்க" என்றார். பார்த்தார். கையை முன்னால் தூக்கச் சொல்லி, இரண்டு கைகள் வைத்த பிளாஸ்டிக் கோணமானியைத் தோளில் பொருத்தி அளந்தார். தொண்ணூறு டிகிரியைத் தாண்டவில்லை. பிறகு சிரித்துக்கொண்டே, "எட்டுனா இவ்வளவு சிரிச்சுப் பேச முடியாதுங்களே. அஞ்சு வெச்சுக்கலாமா?" என்றார்.

அப்பாவின் முகம் மலர்ந்தது. கடைசியில் ஒரு வியாபாரி கிடைத்துவிட்டார்.

"ஏழு" என்றார் அப்பா.

"அஞ்சரை?"

"ஆறு. அதுக்கு மேல எறங்க மாட்டேன்."

"நிறுத்தும்மா" என்று பின்னாலிருந்து ஒரு குரல். வெளுத்துப்போன கோட்டில் ஓர் ஆசிரியை. எவ்வளவு நேரமாக நின்றிருந்தார் என்று தெரியவில்லை. "நம்பரை நீ எறக்கறதுக்கு அது உன் தோளா? அதை விட்டுட்டு முதல்ல இருந்து கேளு." அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. ஆசிரியை ஸ்டூலை இழுத்துப்போட்டு அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தார். "அய்யா, நம்பர் கெடக்கட்டும். ராத்திரி எந்தப் பக்கம் படுக்கறீங்க?"

அப்பா இடது கையால் வலது தோளைத் தொட்டுக் காட்டினார்.

"இந்தப் பக்கம் படுத்து ஆறு மாசம் ஆச்சுங்க. அந்தப் பக்கம் படுத்தாலும் ரெண்டு மணி நேரந்தான். அப்புறம் சேர்ல உக்காந்துக்குவேன்."

"அப்ப எவ்வளவு இருக்கும்?"

"எட்டுங்க. கூட்டிச் சொல்லல."

அந்த நாற்காலியை நான் தினமும் பார்த்திருக்கிறேன். மும்முனை மின்சாரம் நேரங்கெட்ட நேரத்தில் வரும். மோட்டார் போட எழுந்து உட்கார்ந்திருக்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன். மண்டியில் ஏற்றிச் சொல்கிறவர் வீட்டில் எண்ணை இறக்கிச் சொல்லியிருக்கிறார். பஸ்ஸில் எனக்குச் சொன்ன ஆறு அப்படி வந்தது. இருபத்து மூன்று கேள்விகள் எழுதிய எனக்கு அவரிடம் கேட்க இந்த ஒன்று தோன்றவில்லை.

அக்கா எழுதினார்: பகலில் ஆறு, இரவில் எட்டு. பிறகு அப்பாவின் தோளில் கை வைத்தார். கை இருந்த இடத்தை ஆசிரியை இரண்டு முறை மாற்றி வைத்தார். சுவரில் விரல்களால் மேலே ஏறிப் பழகும் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்து, எட்டிய இடத்தில் பென்சிலால் கோடும் போட்டார்கள்.

முடியும் நேரத்தில் ஆசிரியை என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நீ வந்ததுல இருந்து என்ன எழுதற? இன்ஸ்பெக்‌ஷனா?"

மாட்டிக்கொண்டேன். நோட்டைக் கொடுத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். குதிரை வந்த இடத்தில் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு வரிசையாகப் பதில் சொன்னார். நோயாளியைத் தொடுவது, முதல் வருடம் பார்ப்பது மட்டும், இரண்டாம் வருடத்திலிருந்து கை. இயந்திரங்கள், ஐந்தில் இரண்டு ரிப்பேர். நூலகம், சின்னது. விடுதி, கோடையில் தண்ணீர் கஷ்டம், குடம் பிடிக்க வேண்டியிருக்கும். போன், எடுக்க ஆள் இல்லை. பட்டியலில் முதல் முறையாக 'இல்லை' என்ற பதில்கள் விழுந்தன. எனக்கு அவை இனித்தன.

மறுநாள் சித்தப்பா வந்து, "பாப்பா சீட்டு நம்ம காலேஜுதானேண்ணா?" என்றபோது இரண்டாவது 'சரிதான்' வரவில்லை. "தோளு வலிக்குதுடா" என்று எழுந்து போய்ச் சுவரில் விரலை ஏற்ற ஆரம்பித்துவிட்டார்.

பூட்டும் நாளில் பாலக்கோடு பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த கம்ப்யூட்டர் கடைக்குப் போனோம். நான் சேலத்துக்கு அப்பால் இருந்ததை முதலில் வைத்தேன். சித்தப்பாவின் கல்லூரியை இரண்டாவதாக வைத்தேன். அவர் கேட்டால் 'போட்டிருக்கிறோம்' என்று உண்மையையே சொல்லலாம். பூட்டு என்ற பொத்தானை அழுத்தினால், பதிவு செய்த போன் எண்ணுக்கு ஆறு இலக்க ரகசிய எண் வரும், அதைத் தட்டினால்தான் பூட்டும். பதிவு செய்திருந்தது அப்பாவின் போன் எண். போன் அவருடைய சட்டைப் பையில் ஒலித்தது.

இடது கையால் எடுத்தார். எனக்குக் காட்டவில்லை. தூரத்தில் பிடித்துப் படித்தார்.

"இதச் சொல்லிட்டா மாத்த முடியாதா கண்ணு?"

"முடியாதுப்பா."

"வாரத்துக்கு ஒருக்காவாவது வூட்டுக்கு வர முடியுமா?"

"மூணு பஸ். மாசத்துக்கு ரெண்டு தடவை வருவேன்."

கடைக்காரர் அடுத்த ஆளைப் பார்த்தார். அப்பா அவசரப்படவில்லை. ஒவ்வொரு இலக்கமாக, இடையில் மூச்சு விட்டுவிட்டு, ஐந்தைச் சொன்னார். ஆறாவதற்கு முன் போனை மடியில் வைத்துக்கொண்டார்.

"தண்ணி கஷ்டம்னு அந்தம்மாவே சொன்னாங்க."

"சொன்னாங்கப்பா."

"மறைக்காம சொன்னாங்க" என்றார். போனை எடுத்து மறுபடி பார்த்தார். "நாலு."

நான் தட்டினேன்.