சரிவில் போட்ட கோலம்

எங்கள் கட்டடத்து வாசலில் சக்கர நாற்காலி இறங்கச் சரிவு கட்டியது என் மகளுக்காக இல்லை. மூன்றாம் மாடி மாமியின் மாமியார் இடுப்பு உடைந்து கிடந்தார். அவருக்காகப் படிகளை இடித்து, வாசல் அகலத்துக்குச் சிமென்ட் பூசினார்கள். அவர் போய்ச் சேர்ந்தபின் அதில் இறங்குகிறவள் என் மகள் ஒருத்திதான். என் கணவர் இங்கே காவல்காரராக இருந்தார். அவர் இறந்த பிறகும் கீழறையில் எங்களை இருக்க விட்டிருக்கிறார்கள். அதனால் வாசலைப் பற்றி வாய் திறக்க எனக்கு எப்போதும் கூச்சம்.

அந்த மார்கழி ஞாயிறு மகளுக்கு அரசு வேலைத் தேர்வு, தி.நகரில். வயது வரம்புப்படி அதுதான் கடைசி. ஒன்பது மணிக்குத் தேர்வு மையத்தின் கேட்டைச் சாத்திவிடுவார்கள். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தால், சரிவு முழுக்க மூன்றாம் மாடி மாமி போட்ட மயில் கோலம். எங்கள் மயிலாப்பூரில் அன்றைக்குக் கோலப் போட்டி. சரிவில் போட்டால் தெருவிலிருந்து எடுப்பாகத் தெரியுமாம்.

“ஐயோ, உருட்டிடாதேடி! ஜட்ஜெல்லாம் பக்கத்துத் தெருவுக்கு வந்துட்டா. செத்த பொறுத்துக்கோ,” என்றார் மாமி.

“பரீட்சை, மாமி,” என்றாள் மகள்.

“வருஷா வருஷம்தான் எழுதறே. லேட்டாப் போனா கலெக்டர் உத்தியோகம் போயிடுமா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

நாங்கள் வரச்சொன்ன ஆட்டோக்காரர் தெருவிலிருந்து கத்தினார். “இன்னா யம்மா, நின்னுக்கினே கீற? நான் வந்து பாப்பாவைத் தூக்கியாறேன்.”

“கோலத்துல கால் வெச்சுப் பாரு, தெரியும் சேதி!” என்றார் மாமி.

ஆட்டோக்காரர் வேறு சவாரி ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

“தள்ளும்மா,” என்றாள் மகள். நான் தள்ளுவதற்குள் மாமியின் கணவர் செருப்புக் காலைச் சக்கரத்துக்கு முன்னால் வைத்துக்கொண்டார். பேப்பர் படித்தபடியே நின்றார்.

நடுவராக வந்த அம்மாள் கோலத்தைப் பார்த்தார். பிறகு மேலே இருந்த நாற்காலியைப் பார்த்தார். “இந்தப் பொண்ணுக்காகவா இப்படிக் கட்டினீங்க?”

“ஆமா, எங்காத்துப் பொண்ணு மாதிரின்னா! அவளுக்கு ஒரு கொறையும் வெக்கறதில்லை,” என்றார் மாமி.

“எவ்வளவு நல்ல மனசு! அவளும் போட்டோவுல இருக்கட்டும்.”

மாமி தன் முந்தானையால் என் மகளின் கண்ணைத் துடைத்துவிட்டார். “சிரிடி, கண்ணா.”

அவள் சிரித்தாள். எங்கள் வாசலுக்கே முதல் பரிசு. எல்லோரும் கை தட்டினார்கள். அப்போது மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது.

“இப்போ மிதிச்சாலும் பரவாயில்லை. ஜம்முனு எறங்கிக்கோ,” என்றார் மாமி.

மகள் தெருவைப் பார்க்கவில்லை.

“என்னை உள்ள கொண்டுபோம்மா,” என்றாள்.