டேனியலின் முன்பல்

போன சனிக்கிழமை காக்ஸ் டவுன் சர்ச்சில் என் மச்சான் டேனியல் கிளாரினெட் வாசித்தான். இதையெல்லாம் ஒரு செய்தி என்று எழுத வேண்டுமா? வேண்டும்... அவனுடைய முன்பல்லுக்காக.

டேனியல் என் மனைவியின் தம்பி. ‘உன் கழுத்தில் தாலி ஏறியதும் நான்தான் வாசிப்பேன்’ என்று தன் மகள் ஷீபாவிடம் அவள் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே சொல்லிவைத்தவன்.

ஷீபாவின் கல்யாண நாள் குறித்தாயிற்று. மழையில் அவன் பைக் சறுக்கியது. மேல் முன்பல் பாதி போய்விட்டது. கிளாரினெட்டின் முனையைத் தாங்குவதே மேல் முன்பற்கள்தான்!

பக்கத்து கிளினிக்கில் பல் நிறத்திலேயே ஒரு துண்டை ஒட்டிவிட்டார்கள். வாசித்தான் — விழுந்தது. மறுபடி ஒட்டினார்கள். மறுபடியும் விழுந்தது. அதன்பின் வாயைக் கையால் மூடிக்கொண்டுதான் பேசினான்.

“விடு மச்சான், கீபோர்டுக்காரன் வாசிக்கட்டும்,” என்றான் என்னிடம்.

“நீங்க வாசிக்கலன்னா மியூசிக்கே வேணாம் டாடி,” என்றாள் ஷீபா.

அல்சூரில் ஒரு லேடி டாக்டரிடம் அவனை இழுத்துக்கொண்டு போனேன். இளம் வயது. பல்லை நிதானமாகப் பார்த்தார்.

“அங்கிள், மேல இருக்குற எனாமல்ல ஒட்டுறது ஈஸி. உங்களுக்கு உள்ள இருக்குற டென்டின் வரைக்கும் உடைஞ்சிருக்கு. அதுல ஈரம் இருக்கும். ரொம்ப காயவெச்சா பசை உள்ள இறங்காது. ஈரம் ஜாஸ்தி ஆனாலும் பிடிக்காது. பதம் பாத்துதான் ஒட்டணும்.”

கொஞ்சம் ஈரம் இருந்தால்தான் ஒட்டுமாம். பல்லுக்கு மட்டுமா இந்த விதி?

அவசரமே படவில்லை அவர். பசையை மெல்லத் தேய்த்து, ஊதி, நீல வெளிச்சம் காட்டி, அதன்மேல் கொஞ்சம் கொஞ்சமாகப் பல்லைக் கட்டினார். எழுந்த டேனியலிடம், “நாளைக்கு அந்த கிளாரினெட்ட எடுத்துட்டு வாங்க” என்றார்.

மறுநாள் கிளினிக் நாற்காலியிலேயே வாசித்தான். முதலில் பயந்து பயந்து... பிறகு முழு மூச்சோடு. வெளியே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தவர்கள் கதவருகே வந்து நின்றார்கள். டாக்டர் சின்னக் கண்ணாடியை வாய்க்குள் வைத்துப் பல்லின் ஓரத்தைச் சோதித்தார். “கெட்டியா இருக்கு அங்கிள். தைரியமா வாசிங்க.”

சனிக்கிழமை தாலி ஏறியது. டேனியல் எழுந்தான். நான் பாட்டைக் கேட்கவில்லை, அந்தப் பல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி ஸ்வரத்தை அவன் இழுத்த இழுப்பில் ஷீபா மணமேடையிலேயே அழுதுவிட்டாள். பல் அசையவில்லை.

எங்கள் சர்ச்சில் கைதட்டும் வழக்கம் கிடையாது. முதலில் தட்டியவர் பாஸ்டர்.