அது என்றால் எது?

எங்கள் சலவைக் கூடத்தில் அவளுக்குப் பெயர் புதுசு. வந்து மூன்று வருடம் ஆகியும் புதுசுதான். ஆஸ்பத்திரி விரிப்புகளைக் கொதிக்கும் உருளை மெஷினில் விட்டுத் தேய்ப்பது அவள் வேலை. கடல் தாண்டி வந்தவள். தமிழை எங்கள் வாயிலிருந்து பொறுக்கித்தான் கற்றாள். நான் அங்கே மேஸ்திரி.

அவளைப் பற்றி நாங்கள் பேசுவது இப்படி: “அது வந்துடுச்சா?” “அது சாப்பிட்டுச்சா?” அவளும் தன்னை அப்படியே சொல்லிக்கொண்டாள்.

“மேஸ்திரி, அதுக்குத் தலை வலிக்குது.”

“எதுக்கு?”

“இதுக்கு” என்று தன் நெற்றியைத் தொட்டாள். கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. நானும்தான். யாரும் திருத்தவில்லை.

போன மாதம் ஒரு விரிப்பு உருளையில் சிக்கியது. நிறுத்தும் பொத்தான் ஒரு வாரமாகக் கோளாறு. அமுக்கினால் நிற்கும், பிறகு தானாக ஓடும். அது தெரிந்தும், “பார்த்துக்கிட்டு நிக்காதே, இழுத்து எடு” என்று கத்தினேன். இழுத்தாள். நின்றிருந்த மெஷின் திரும்ப ஓடி, கை முழங்கை வரை வெந்துபோனது.

விசாரணை வைத்தார்கள். தப்பு அவள்மேல் என்றால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். வைத்தியமும் அத்தோடு நிற்கும். விபத்துக்குப் பிறகு தூக்கம் போனதிலிருந்து அவளைப் பார்த்துவந்த மனநல டாக்டரம்மாவும் வந்திருந்தார்.

“அது நின்னுச்சு. அது கையை வச்சுச்சு. அது ஓடுச்சு” என்றாள் அவள்.

“எது? மெஷினா, நீயா?” என்றார் மானேஜர்.

“அது.”

“மெஷினுக்கு ஏது கை?” மானேஜர் சிரித்தார். குமாஸ்தா பக்கம் திரும்பி, “பேசவே தெரியல. கவனக்குறைவுன்னு எழுதுய்யா” என்றார்.

“அவங்க தப்பா பேசல சார்” என்றார் டாக்டரம்மா. “நீங்க எல்லாரும் சொன்னதைத்தான் சொல்றாங்க. ஒரு ஆளை ‘அது’ன்னு ஆக்கிட்டா நமக்கு ஒரு வசதி. நம்மகிட்ட நமக்கே பார்க்கப் பிடிக்காததை அது தலையில கட்டிட்டு ஒதுங்கி நின்னுக்கலாம்.”

“பாடம் எடுக்காதீங்கம்மா, வேலை கிடக்கு.”

எனக்குச் சுருக்கென்றது. பதினேழு வயதில் நான் இந்த ஊருக்குப் பிழைக்க வந்தபோது என்னை ‘மூட்டை’ என்றுதான் கூப்பிட்டார்கள். பெண்டாட்டியிடம்கூடச் சொன்னதில்லை. இந்தப் பெண்ணைப் புதுசு என்று கூப்பிடும்போதெல்லாம் அந்த மூட்டை நானில்லை என்று ஆகிவிடும். அவ்வளவுதான் சங்கதி.

எழுந்தேன். “சார், மெஷின் நின்னுச்சு. இவங்க கையை வச்சாங்க. மெஷின் திரும்ப ஓடுச்சு. பொத்தான் கெட்டது எனக்குத் தெரியும். இழுன்னு சொன்னதும் நான்தான்.”

“யோவ், யோசிச்சுத்தான் பேசுறியா?”

“இன்னைக்குத்தான் சார் யோசிச்சேன்.”

அவளை அனுப்பவில்லை. வைத்தியம் நடக்கிறது. என்னை மேஸ்திரி வேலையிலிருந்து இறக்கி, அழுக்குத் துணி பிரிக்கப் போட்டார்கள். நாற்றம் குடலைப் பிடுங்குகிறது.

போன வாரம் கைக்கட்டோடு வந்தாள்.

“வலிக்குதாம்மா?”

சொல் அவள் வாய்க்குள் கொஞ்ச நேரம் புரண்டது. “எனக்கு வலிக்குது” என்றாள்.

“வலிக்குதான்னு உங்க பாஷையில எப்படிக் கேக்குறது?”

சொன்னாள். நான் திருப்பிச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் திருத்தினாள்.