அலமாரிக் கண்ணாடியில் லொரீன்

லொரீன் ஹட்டோ எங்கள் சபைப் பாடற்குழுவில் என் பக்கத்தில் நிற்பவள். கோழி இறைச்சி ஆலையில் பத்தொன்பது வருடம் இறக்கை வெட்டியவள். புருஷன் ஆர்விலை மரம் ஏற்றிவந்த லாரி மோதி, இடுப்புக்குக் கீழே பாதி மரத்துப்போனதும் அந்த வேலையை விட்டுவிட்டாள். தினமும் காலையில் மண்டியிட்டு அவனுக்குக் காலுறை மாட்டிவிடுவாள். அவன் அவள் தலைமேல் கையை வைத்துக்கொண்டு, "என்ன லொரீன், மறுபடியும் என்னைக் கட்டிக்கக் கேக்கறியா?" என்பான்.

"ஒரு தடவை கட்டிப் பட்டது போதும். காலை ஆட்டாத."

லாரிக் கம்பெனி மேல் வழக்குப் போட்டிருந்தார்கள். ஆர்வில் படும் பாட்டை ஜூரிக்குக் காட்ட, அவர்கள் வக்கீல் பிக்கெட் ஒரு கேமராக்காரனோடு ஒரு காலையில் வந்தார். நான் அவர்கள் வீட்டுச் சமையலறையில் சோளக்கஞ்சி கிளறிக்கொண்டிருந்தேன். அவர் லொரீனை அங்கே கூப்பிட்டார்.

"நீங்க மாட்டிவிட்டா ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிரும். அதைப் பாத்து யாரு மனசு இளகும்? பேசாம ஓரமா நில்லுங்க. அவர்கிட்ட சொல்லிடாதீங்க. பொய் வராத மனுஷன், கோர்ட்ல கேட்டா ஒளறிடுவாரு."

கேமரா ஓட, ஆர்வில் தானே மாட்டிக்கொள்ளப் பார்த்தான். காலுறை மூன்று தடவை கீழே விழுந்தது.

"லொரீன், கொஞ்சம் பிடியேன்."

அவள் அலமாரிக்கு எதிரே ஓரமாக நின்றாள்.

"லொரீன், காது கேக்கலியா?"

பதினெட்டு நிமிடம் ஆயிற்று. கடைசியில் ஆர்வில் அழுதுவிட்டான். பிக்கெட் கேமராக்காரன் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

கோர்ட்டில் படம் ஓடியபோதுதான் எல்லோரும் பார்த்தோம். அலமாரிக் கண்ணாடியில் லொரீன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். ஜூரியில் இருந்த பெண்கள் திரையை விட்டு அவளைப் பார்த்தார்கள். எதிர் வக்கீல் அவளைக் கூண்டில் ஏற்றினார். குரல் வெண்ணெய் மாதிரி.

"பதினெட்டு நிமிஷமும் நின்னுக்கிட்டா இருந்தீங்க மேடம்?"

"ஆமாங்க."

"அப்படி நிக்கச் சொல்லி யாராவது சொன்னாங்களா?"

ஆமாம் என்றால் படம் நாடகமாகிவிடும், வழக்கு போய்விடும். பைபிள் மேல் வைத்து எடுத்த கையால் கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"யாரும் சொல்லல."

ஜூரி ஆர்விலுக்குக் கேட்டதையெல்லாம் கொடுத்தது. புருஷனின் துணையை இழந்ததற்காக அவள் தன் பங்குக்குக் கேட்டிருந்த நஷ்டஈட்டுக்கு நேரே ஒரு பூஜ்யம் போட்டது.

வீட்டுக்கு வந்து அவள் உண்மையைச் சொன்னாள். அவன் நம்பவில்லை. நானும் போய்ச் சொன்னேன்.

"வேதத்துமேல கை வெச்சு அவ சொன்னாளே சிஸ்டர், அது பொய்யா?" என்றான் ஆர்வில். "சரி, நீங்க சொல்றதே நெசம்னு வெச்சுக்குவோம். நான் கூப்பிட்டது சமையலறைக்குக் கேட்டிருக்குமே. நீங்க ஏன் வரல?"

அந்தக் கேள்வியோடுதான் இப்போதெல்லாம் ஜெபத்துக்கு முழங்கால் போடுகிறேன்.

இப்போது சம்பளத்துக்கு ஒரு பெண் வந்து காலுறை மாட்டிவிடுகிறாள். இரண்டு நிமிடம்தான். லொரீன் அதே அலமாரிக்கு எதிரே நிற்கிறாள். கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் கட்டிக்கொள்கிறாள்.