மிம்மா சபைக்குப் பேர் வந்த கதை

இஸ்திரிக்காரிக்கு வாய் அதிகம் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. சுத்தப் பொய். வேலை நேரத்தில் அவள் வாயைத் திறக்கவே மாட்டாள்; அதில் தண்ணீர் இருக்கும். பெட்டி சூடேறியதும் துணிமேல் புர்ரென்று ஊதித் தேய்ப்பாள். தண்ணீர் தெளிக்கிற குப்பி வந்து எத்தனையோ வருஷமாகியும் அவளுக்கு அதில் நம்பிக்கை இல்லை. அம்மாவிடம் படித்த தொழில்.

அந்த அம்மாவுக்கு "மிம்மா" என்று பேர் விழுந்ததும் இதனால்தான். வாய் நிறையத் தண்ணீர், யார் எதைக் கேட்டாலும் "ம்ம்"; "ம்ம்" அம்மா தேய்ந்து மிம்மா. கூடுவதற்கு இடமில்லாத பத்துப் பேர் வந்து, உங்கள் கடையில் வாரம் ஒருநாள் ஜெபம் செய்துகொள்ளட்டுமா என்று கேட்டபோதும் அதே "ம்ம்"தான். "மிம்மா கடைக்குப் போறோம்" என்றார்கள். கூட்டம் பெருகி, மிம்மா சபை ஆனது. கடைசியில் கடை இருந்த இடத்தையே சபைக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடினாள். மகள் எதிர்ச் சந்தில் ஒரு தகரக் கொட்டகையில் ஒண்டிக்கொண்டாள்.

இப்போது சபைக்குப் புதுச் செயலாளர் ஒருவர் முளைத்திருக்கிறார். துணி தேய்த்தவள் பேரிலா சபை என்று அவருக்கு உடம்பெல்லாம் கூசுகிறது. பேர் மிம்மாவே இல்லையாம், "மீ...ம்ஹா"வாம். ஏதோ ஆதிமொழியில் மௌனத்தின் வாசலாம். அடிவயிற்றிலிருந்து சொல்ல வேண்டுமாம். படித்த மனுஷன் வாய் கூசாமல் புளுகுவதைக் கேட்டு இஸ்திரிக்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தப் புளுகைக் கல்லில் வெட்டி வாசலில் பதிக்கப் போகிறார்கள். பழைய கதை தெரிந்தவர்களில் மிச்சம் அவள் ஒருத்திதான். புதுக் கதைதான் நிஜம் என்று அவள் கையெழுத்துப் போட்டுவிட்டால் ஊர் வாயை அடைத்துவிடலாம் என்பது செயலாளர் கணக்கு.

கல் பதிக்கும் விழாவன்று காலை, புத்தம்புது வெள்ளை அங்கியில், கையில் தாளோடு செயலாளர் அவள் கொட்டகைக்கு வந்து நின்றார். அவள் வாயில் தண்ணீர்.

"பாரும்மா, உங்கம்மா நல்லவங்கதான், யாரு இல்லேன்னா? ஆனா துணி தேய்ச்சவங்க பேரைக் கல்லுல போட்டா நாலு பேர் சிரிப்பாங்க. எங்க, மீ...ம்ஹான்னு சொல்லு பார்ப்போம்."

அவள் அடுத்த சட்டையை எடுத்து விரித்தாள்.

"சரி, அது உனக்கு வராது. கையெழுத்தைப் போடு. சம்மதம்னா ஒரு ம்ம் சொன்னாப் போதும்."

அம்மா ஒரு "ம்ம்"மில் கொடுத்த இடம். இன்னொரு "ம்ம்"மில் அம்மாவையே கேட்கிறான். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். அவர் முகத்தைப் பார்த்து, நிதானமாக, புர்ர்ரென்று ஊதினாள். மூக்குக்கண்ணாடியும் அங்கியும் தாளும் நனைந்து சொட்டின.

"இப்படித்தாங்க வந்துச்சு அந்தப் பேரு," என்றாள். "எழுதிக்குங்க."